ஐரிஷ் கற்க எந்தக் கருவி? முதலில் குரலைக் கவனியுங்கள்

பிரெஞ்சோ ஸ்பானிஷோ கற்க நினைப்பவர் எந்தச் செயலியை எடுத்தாலும் ஓரளவு தேறிவிடலாம். தப்பாகக் கற்றதைப் பிறகு ஒரு படமோ பாட்டோ உடன் வேலை செய்பவரோ திருத்திவிட வாய்ப்பு இருக்கிறது. ஐரிஷில் அந்த வசதி குறைவு. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அயர்லாந்தில் 18,73,997 பேர் தங்களுக்கு ஐரிஷ் பேச வரும் என்று பதிவு செய்தார்கள். கல்விக்கூடத்துக்கு வெளியே அதைத் தினமும் பேசுகிறவர்கள் 71,968 பேர்தான். அரசியலமைப்புப்படி அதுதான் நாட்டின் முதல் ஆட்சிமொழி. சாலைப் பலகைகளிலும் அரசு அலுவலக வாசல்களிலும் எழுதியிருக்கிறது. ஆனாலும் டப்ளின் கடைத்தெருவில் அதில் இருவர் பேசிக்கொண்டு போவதைக் கேட்பது அரிது. ஆகவே கற்பவர் காதில் விழும் ஐரிஷில் பெரும்பகுதி அவர் தேர்ந்தெடுக்கும் கருவியிலிருந்துதான் வரப்போகிறது. கருவி தப்பாக ஒலித்தால் அந்தத் தப்பே அவருடைய ஐரிஷ் ஆகிவிடும்.

இந்த ஒப்பீட்டை இரண்டு வகைத் தமிழர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். அயர்லாந்தில் குடியேறிய பெற்றோர்கள் ஒரு வகை. அவர்கள் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளியிலிருந்தே ஐரிஷ் கட்டாயப் பாடம். வீட்டுப்பாடத்தோடு பிள்ளை வந்து நிற்கும்போது அம்மாவுக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. இன்னொரு வகை, சென்னையிலோ கொழும்பிலோ டொராண்டோவிலோ இருந்துகொண்டு வெறும் ஆர்வத்தால் இந்த மொழியைத் தொடுகிறவர்கள். இரு தரப்பாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எந்தச் செயலி நல்லது? அதற்கு முன்னால், இந்த மொழி கருவியிடம் என்ன கேட்கிறது என்று பார்த்துவிடலாம்.

படகுக்கு ஐரிஷில் 'பாத்'. 'அ பாத்' என்றால் அவளுடைய படகு. 'அ வாத்' என்றால் அவனுடைய படகு. 'அ மாத்' என்றால் அவர்களுடைய படகு. அவன், அவள், அவர்கள் மூவருக்கும் முன்னால் நிற்பது ஒரே 'அ'. யாருடைய படகு என்பதைச் சொல்வது அடுத்த சொல்லின் முதல் ஒலிதான். 'பா' 'வா' ஆகிற மாற்றத்துக்கு ஷேவூ என்று பெயர். 'பா' 'மா' ஆகிற மாற்றத்துக்கு உரூ என்று பெயர். பன்மையில் மாற்றம் கடைசிக்குப் போய்விடும். பல படகுகள் என்றால், பாத் என்பதன் இறுதி மெய்யை நாக்கை மேலண்ணத்தோடு ஒட்டிச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய 'பாஜ்' என்று கேட்கும். அந்த மொழியின் மெய்யொலிகள் அநேகமாக எல்லாமே இப்படி அகன்றது, மெலிந்தது (மேலண்ணத்தோடு ஒட்டிச் சொல்வது) என இரட்டையாக இருக்கின்றன. ஒருமையா பன்மையா என்பதையே சில இடங்களில் அந்த ஒரு வேறுபாடுதான் தாங்குகிறது.

தமிழ் பேசுகிறவருக்கு இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. ஐரிஷின் அகன்ற 'த' நம் 'த' போலவே நாக்குநுனி பல்லில் படும் ஒலி. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இதற்கே தடுமாறுவார்கள்; நமக்குத் தானாக வரும். வாக்கிய அமைப்பு மட்டும் நேர் எதிர். நம் வினைச்சொல் கடைசியில் வரும், ஐரிஷில் அது முதலில் வந்து நிற்கும்.

ஆக, ஒரு கருவியை எடைபோட எனக்கு இரண்டு கேள்விகள் போதும். அகன்ற ஒலியையும் மெலிந்த ஒலியையும் காது பிரித்தறியும்படி சரியான குரலில் கொடுக்கிறதா? முதல் எழுத்து ஏன் மாறியது என்று விளக்குகிறதா? புள்ளிகள், பதக்கங்கள், விடாமல் எத்தனை நாள் வந்தோம் என்ற கணக்கு எல்லாம் அப்புறம்.

பெரும்பாலோர் தொடங்குவது டுவோலிங்கோவில். அது வளர்ந்த கதையைத் தெரிந்துகொண்டால்தான் இன்றைய நிலை புரியும். 2014இல் வந்த அதன் ஐரிஷ் பாடத்தை எழுதியவர்கள் ஊதியம் வாங்காத தன்னார்வலர்கள். 2016இல் அன்றைய குடியரசுத் தலைவர் மைக்கேல் டி. ஹிக்கின்ஸ் அவர்களைப் பாராட்டினார். அவர்கள் அதற்குத் தகுதியானவர்கள். பாடங்களுக்கு விரிவான இலக்கணக் குறிப்புகள் எழுதினார்கள். வாக்கியங்களுக்குக் கீழே கற்பவர்கள் கேள்வி கேட்கலாம். இங்கே ஏன் உரூ வந்தது என்று யாராவது கேட்டால், தெரிந்தவர் ஒருவர் வந்து பொறுமையாகப் பதில் எழுதிவிட்டுப் போவார். என் இரண்டாவது கேள்விக்கு அந்தப் பதில்கள்தான் விடையாக இருந்தன. கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் ஒரு செயலியில் ஐரிஷும் ஒரு மொழியாக இடம்பெற்றது சின்ன விஷயம் இல்லை. அயர்லாந்தை ஒருமுறைகூடப் பார்க்காத எத்தனையோ பேரை அது இந்த மொழியின் வாசலுக்குக் கொண்டுவந்தது.

பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. 2021இல் நிறுவனம் தன்னார்வலர் முறையை முடித்துக்கொண்டது. 2022இல் கலந்துரையாடல் பகுதி மூடப்பட்டது. அதே ஆண்டு பாடங்கள் ஒரே பாதையாக மாற்றி அடுக்கப்பட்டன, குறிப்புகள் சுருங்கின. 2023இல் மனிதக் குரலின் இடத்துக்குக் கணினிக் குரல் வந்தது. அகன்ற மெய்யையும் மெலிந்த மெய்யையும் அந்தக் குரல் ஒழுங்காகப் பிரிப்பதில்லை என்று ஐரிஷ் பேசுபவர்களும் ஆசிரியர்களும் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். பெரிய மொழி ஒன்றில் இப்படி நடந்தால் எரிச்சலோடு போய்விடும். இங்கே பாத் எது, பாஜ் எது என்று கற்பவருக்குக் காட்ட வேண்டிய இடமே அதுதான்.

அதனால் டுவோலிங்கோவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தினமும் கொஞ்ச நேரம் மொழியோடு உட்காரும் பழக்கத்தை அது தருகிறது. சொற்கள் கண்ணுக்குப் பழகுகின்றன. எழுத்துக்கூட்டலின் மிரட்சி குறைகிறது. ஐரிஷ் எழுத்துமுறை முதல் பார்வைக்கு உண்மையிலேயே மிரட்டும். விளம்பரத்தைப் பொறுத்துக்கொண்டால் காசும் இல்லை. ஆனால் அதை வாசிப்புப் பயிற்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உச்சரிப்பை வேறிடத்திலிருந்து எடுங்கள். பிள்ளையிடம் அதைத் தனியாகக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், ஏனென்றால் பிள்ளைகள் கேட்டதை அப்படியே பிடித்துக்கொள்வார்கள்.

சந்தா கட்டிப் பயன்படுத்தும் மற்றச் செயலிகளை வேகமாகப் பார்த்துவிடலாம். ரோசெட்டா ஸ்டோன் படத்தைக் காட்டிச் சொல்லைச் சொல்லும் முறை. எந்த மொழிக்கும் அதே அச்சு. ஒரு பெண், ஒரு நாய், ஒரு ஆப்பிள் என்று போகும்வரை சரி. அவனுடைய படகும் அவர்களுடைய படகும் ஏன் வேறுவேறாக ஒலிக்கின்றன என்பதைப் படத்தில் காட்ட முடியாது, அதுவோ விளக்கமும் தராது. இரண்டாவது கேள்வியில் அது தோற்றுவிடுகிறது. பிம்ஸ்லர் காதுக்கும் வாய்க்கும் வேலை கொடுக்கும். கார் ஓட்டும்போது கேட்டுத் திருப்பிச் சொல்லலாம், சொன்னதையே சரியான இடைவெளியில் மறுபடி கேட்டு நினைவில் நிறுத்தும். தயங்காமல் வாயைத் திறக்க வைப்பதில் அதற்கு இணை குறைவு. ஆனால் பிரெஞ்சுக்கும் ஜெர்மனுக்கும் நிலைமேல் நிலையாக வைத்திருக்கிறவர்கள் ஐரிஷுக்குக் கொஞ்சம்தான் வைத்திருக்கிறார்கள். மேங்கோ வாக்கியத்தின் ஒவ்வொரு துண்டையும் நிறத்தால் பொருத்திக் காட்டும், நடுநடுவே இலக்கணக் குறிப்பும் தரும். இந்த மூன்றில் என் ஓட்டு அதற்கு. அமெரிக்காவில் பல பொது நூலகங்கள் அதை உறுப்பினர்களுக்கு இலவசமாகவே தருகின்றன. அயர்லாந்திலும் நூலக உறுப்பினர் அட்டைக்குக் காசு கிடையாது. சந்தா கட்டுவதற்கு முன் உங்கள் நூலகம் என்னென்ன மொழிப்பாடம் தருகிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அயர்லாந்திலேயே செய்யப்படும் பைட்சைஸ் ஐரிஷ் வேறு ரகம். வெளிநாட்டில் இருக்கும் பெரியவர்களை நினைத்து, சின்னச் சின்னப் பாடங்களாக, இந்த மொழி ஒன்றை மட்டுமே கவனித்து நடத்துகிறார்கள். மாதச் சந்தா கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் நான் அதற்குத்தான் கட்டுவேன்.

இனி நான் மிகவும் மதிக்கும் கருவிகள். அவற்றில் பொம்மையும் இல்லை, புள்ளிகளும் இல்லை. பொதுப்பணத்தில் கட்டப்பட்டவை, எல்லாருக்கும் இலவசம். முதலாவது தியங்லன் என்ற இணையதளம். ஆங்கில எழுத்தில் டி, இ, ஏ, என், ஜி, எல், ஏ, என், என், பிறகு டாட் ஐ இ என்று தட்டினால் வரும். அயர்லாந்துத் தீவு முழுவதற்குமான ஐரிஷ் மொழி அமைப்பான ஃபோரஸ் ந கேல்கெ நடத்துவது. 1977இல் வந்த பெரிய ஐரிஷ்–ஆங்கில அகராதி, 1959இல் வந்த ஆங்கில–ஐரிஷ் அகராதி இரண்டும் அதில் முழுதாக இருக்கின்றன. ஆனால் அதன் உயிர் வேறு இரண்டு பக்கங்களில். ஒன்று உச்சரிப்புப் பக்கம்: ஒரு சொல்லைத் தட்டினால் அல்ஸ்டர், கானக்ட், மன்ஸ்டர் என்ற மூன்று வட்டார வழக்குகளிலும் மனிதர்கள் சொல்லிப் பதிந்த ஒலி தனித்தனியாகக் கிடைக்கும். இன்னொன்று இலக்கணப் பக்கம்: பெயர்ச்சொல்லின் வேற்றுமை வடிவங்கள், வினையின் காலங்கள், ஷேவூவோடும் உரூவோடும் வரும் வடிவங்கள் எல்லாம் அட்டவணையாக விரியும்.

வீட்டுப்பாடத்தோடு மல்லுக்கட்டும் பெற்றோருக்கு இதைவிட உடனடி உதவி வேறில்லை. பாடப்புத்தகத்தில் ஒரு சொல் வருகிறது, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆங்கில எழுத்தை நம்பி வாசித்தால் அநேகமாகத் தப்பு. தியங்லனில் தட்டி, பிள்ளையோடு சேர்ந்து மூன்று குரலையும் கேட்டு, எது டீச்சர் சொல்வதுபோல இருக்கிறது என்று பிள்ளையையே கேளுங்கள். ஐந்து நிமிட வேலை. பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் பெற்றோர் இருக்க வேண்டிய அவசியமே இல்லை, கூட உட்கார்ந்து கேட்டால் போதும்.

இதற்கு இணையானது ஃபொக்லோர் டாட் ஐ இ. 2013 ஜனவரியில் இணையத்தில் வந்த புதிய ஆங்கில–ஐரிஷ் அகராதி அது. இன்றைய ஆங்கிலத்தில் ஒன்றைச் சொல்ல நினைத்து, அதை ஐரிஷில் எப்படிச் சொல்வார்கள் என்று தேடும்போது இதுதான் வேண்டும். ஒரே சொல்லின் வெவ்வேறு பொருளுக்குத் தனித்தனி எடுத்துக்காட்டு வாக்கியங்கள் தருகிறது. மூன்று வழக்கின் ஒலியும் உண்டு. பழைய அகராதியில் கைப்பேசிக்குச் சொல் தேட முடியாது. துறைச்சொல் வேண்டுமென்றால் தியர்மா என்ற தனித் தளம் இருக்கிறது. பள்ளியில் அறிவியலையும் புவியியலையும் ஐரிஷ் வழியாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு அது கைகொடுக்கும்.

குறை என்னவென்றால் இவை பாடம் நடத்தா. எங்கே தொடங்குவது, அடுத்து எது என்று அகராதி சொல்லாது. ஆகவே இவற்றைத் தனியாக வைத்துக் கற்க முடியாது. எந்தப் பாடத்தை எடுத்தாலும் பக்கத்தில் இவை திறந்திருக்க வேண்டும்.

மூன்று வழக்கு என்றேன். கருவி வாங்கப் போகிறவர்கள் அதிகம் யோசிக்காத விஷயம் இது, யோசித்தே ஆக வேண்டியதும் இதுதான். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க மன்ஸ்டரில் 'கோனஸ் அதா தூ' என்பார்கள். கானக்டில் 'கே ஹீ வில் தூ'. அல்ஸ்டரில் 'கஜே மர் அதா தூ'. நெல்லைத் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் போல ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள முடியும்தான், ஆனால் புதிதாகக் கற்பவருக்கு மூன்று மொழி போலத் தோன்றும். இவற்றுக்கு நடுவே 1958இல் அரசு கொண்டுவந்த எழுத்துத் தரம் ஒன்று இருக்கிறது, கைஜான் என்பார்கள். பாடப்புத்தகமும் அரசு ஆவணமும் அதில்தான். எந்த ஊரிலும் பிறப்பிலிருந்து அதை அப்படியே பேசி வளர்ந்தவர் கிடையாது. பெரும்பாலான செயலிகள் எழுத்தைத் தரத்திலிருந்தும் குரலை ஏதோ ஒரு வழக்கிலிருந்தும் எடுத்துக்கொண்டு, எது எது என்று சொல்லாமலே விட்டுவிடுகின்றன. தொடங்கிய சில வாரங்களில் கற்பவர் குழம்புவதற்கு முக்கியக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

என் யோசனை: செயலியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் வழக்கைத் தேர்ந்தெடுங்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்று நெடுநேரம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கோல்வேயில் குடியிருந்தால் கானக்ட். கார்க், கெர்ரி பக்கம் என்றால் மன்ஸ்டர். டனிகாலுக்குப் போகப்போகிறவர் அல்ஸ்டர். எங்கோ தொலைவில் இருக்கிறவர், மூன்றையும் கேட்டுப் பார்த்து எந்தக் குரல் காதுக்குப் பிடிக்கிறதோ அதை எடுக்கலாம். ஒருமுறை எடுத்துவிட்டால் முதல் ஆண்டு முழுவதும் மற்ற இரண்டையும் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பேசிப் பார்க்காதீர்கள். பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் இந்தத் தேர்வு இல்லை. டீச்சர் பேசும் வழக்குதான் அவர்களுக்கு.

கணினிக் குரலைக் குறை சொன்னேன். எல்லாக் கணினிக் குரலும் அப்படி இல்லை. டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் ஒலியியல் ஆய்வகம் உருவாக்கியிருக்கும் 'அபர்' இதற்கு நேர்மாறான உதாரணம். எந்த ஐரிஷ் வாக்கியத்தை அதில் ஒட்டினாலும், நீங்கள் சொல்லும் வழக்கில் வாசித்துக் காட்டும். டனிகாலின் க்வீடோர், கனெமாரா, கெர்ரியின் டிங்கிள் தீபகற்பம் ஆகிய ஐரிஷ் பேசும் பகுதிகளின் மக்கள் பேசிப் பதிந்ததை அடிப்படையாக வைத்து, அந்த மொழியின் ஒலியமைப்பை வாழ்நாள் முழுதும் ஆய்ந்தவர்கள் கட்டியது. அகராதி தனிச்சொல்லைத்தான் சொல்லும். ஒரு முழு வாக்கியம் எப்படி ஓடும் என்று கேட்க இதுதான் வழி. அவர்களுடைய 'அன் ஷ்கேலீ' என்ற தளத்தில் கற்பவர் ஒரு சிறு கதை எழுதினால் இலக்கணத் தவறுகளைச் சுட்டிக்காட்டி, எழுதியதை வாசித்தும் காட்டுகிறது. எழுதியது தனக்கே காதில் கேட்கும்போது பிழை தானாகத் தெரியும் என்பது நல்ல யோசனை. ஆக, இயந்திரம் பேசுகிறதா மனிதர் பேசுகிறாரா என்பதோடு கேள்வி முடிவதில்லை. அந்தக் குரலை யார், எந்த ஊர்ப் பேச்சைக் கேட்டு, எவ்வளவு அக்கறையோடு செய்தார்கள் என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ராடியோ ந கேல்தக்தா 1972 ஏப்ரல் 2இல் தொடங்கிய ஐரிஷ் வானொலி. கனெமாரா, டனிகால், கெர்ரி மூன்றிலும் அதற்கு நிலையங்கள் உண்டு. ஒவ்வோர் அறிவிப்பாளரும் தன் ஊர்ப் பேச்சிலேயே பேசுகிறார். இணையத்தில் உலகின் எந்த மூலையிலிருந்தும் கேட்கலாம். முதலில் ஒன்றுமே புரியாது. புரிய வேண்டும் என்று கேட்காதீர்கள், சமைக்கும்போது ஓடவிடுங்கள். உங்கள் வழக்கின் நிகழ்ச்சி எந்த நேரத்தில் வருகிறது என்று மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 1996 அக்டோபர் 31இல் தொடங்கிய ஐரிஷ் தொலைக்காட்சி டிஜி4இன் இணையதளத்தில் நிறைய நிகழ்ச்சிகளை அயர்லாந்துக்கு வெளியிலும் பார்க்கலாம். ஆங்கில வசனவரிகள் இருப்பது தொடக்கத்தில் உதவி, கொஞ்ச நாளில் தொல்லை. கண் வரியை வாசித்துக்கொண்டிருக்கும்போது காது வேலையை நிறுத்திவிடும். பிள்ளைகளுக்கு டிஜி4இன் கூலா4 என்ற சிறுவர் சேவை இருக்கிறது. கார்ட்டூனை ஐரிஷில் பார்க்கும் ஐந்து வயதுப் பிள்ளை மொழி கற்கிறோம் என்று நினைப்பதே இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு எந்தச் செயலியைவிடவும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

வானொலிக்கும் பாடப்புத்தகத்துக்கும் நடுவே பாலமாக இருப்பது மேனூத் பல்கலைக்கழகத்தின் வீஃபாக்ஸ். டிஜி4 செய்தித் துணுக்குகளை எடுத்து, சொற்பட்டியலும் கேள்விகளும் சேர்த்து, வெவ்வேறு நிலைக்கான பயிற்சித்தாள்களாக இலவசமாகத் தருகிறார்கள். ஓரளவு அடிப்படை வந்தவருக்கு இது தங்கம். அதே பல்கலைக்கழகம் பெரியவர்களுக்காக டெக் என்ற தேர்வையும் நடத்துகிறது. தேர்வு எழுதுகிறோமோ இல்லையோ, ஒவ்வொரு நிலைக்கும் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற பாடத்திட்டமும் மாதிரித் தாள்களும் இணையத்தில் கிடைக்கின்றன. எங்கே தொடங்குவது, அடுத்து எது என்று அகராதி சொல்லாத பதிலை இந்தப் பாடத்திட்டம் சொல்கிறது. டப்ளின் சிட்டி பல்கலைக்கழகமும் 2018இல் ஃபியூச்சர்லேர்ன் தளத்தில் தொடக்கநிலைப் பாடங்களை வெளியிட்டது. வரிசையாக, மொழியோடு பண்பாட்டையும் சேர்த்துச் சொல்லும் அமைப்பு அது.

இப்போது பலரும் கேட்பது செயற்கை நுண்ணறிவு உரையாடிகளைப் பற்றி. அவை ஐரிஷில் சரளமாக எழுதுவதுபோலத் தோன்றும். தொடக்க நிலையில் இருப்பவருக்கு அதுதான் ஆபத்து, ஏனென்றால் பிழையான ஷேவூவையும் அதே தன்னம்பிக்கையோடு எழுதும். ஆங்கில வாக்கியத்தின் மேல் ஐரிஷ் சொல்லை ஒட்டிவைத்துவிட்டு அழகாக விளக்கமும் சொல்லும். இயந்திரம் கற்றுக்கொள்ள இந்த மொழியில் இருக்கும் எழுத்து குறைவு. கூகுள் மொழிபெயர்ப்பில் 2009இலிருந்து ஐரிஷ் உண்டு. அது அரசாங்க நடையில் கொஞ்சம் தேறும், வீட்டுப் பேச்சில் சறுக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஐரிஷ் 2007இல் ஆட்சிமொழியானது. எல்லாவற்றையும் மொழிபெயர்க்க வேண்டாம் என்ற விலக்கு 2022 ஜனவரி 1இல் முடிந்தது. அதனால் சட்டமும் அறிக்கையும் ஆங்கிலத்தோடு இணையாக நிறையக் கிடைக்கின்றன. பாட்டியும் பேத்தியும் பேசிக்கொள்வது அப்படிக் கிடைப்பதில்லை. ஒரு பத்தியின் சாரத்தைப் பிடிக்க இவற்றைப் பயன்படுத்தலாம். பிள்ளையின் கட்டுரையை எழுதித்தரச் சொல்லாதீர்கள். பச்சை குத்திக்கொள்ள ஐரிஷ் வாசகம் தேடுபவர்கள் இவற்றை நம்பவே வேண்டாம்.

பணம் செலவழிக்க வசதி இருந்தால் அதை எங்கே வைப்பது? ஒரு ஆசிரியரோடு வாரம் ஒரு மணி நேரம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1893இல் தொடங்கிய கொன்ரா ந கேல்கெ, 1953இல் தொடங்கிய கேல் லின் போன்ற பழைய அமைப்புகள் நேரிலும் இணையவழியிலும் பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கின்றன. டனிகாலின் க்லான் ஹோலம் கில்லெயில் 1984இலிருந்து இயங்கும் இடாஸ் கேல், ஐரிஷ் பேசும் ஊரிலேயே தங்கிப் படிக்கும் கோடை வகுப்புகளுக்குப் பேர்பெற்றது. செயலிகளுக்கு மாதாமாதம் கட்டுவதைச் சேர்த்துவைத்தால் ஒரு பருவ வகுப்புக்கு ஓரளவு தேறும். நீங்கள் சொன்ன மெலிந்த மெய் மெலியவில்லை என்று நிறுத்திச் சொல்ல, இதுவரை சொன்ன கருவிகளில் எதனாலும் முடியாது. ஆசிரியரால் முடியும்.

ஆக, தொலைவிலிருந்து ஆர்வத்தால் தொடங்குகிறவருக்கு என் கணக்கு இப்படி: பாடத்துக்கு மேங்கோவோ பைட்சைஸோ, அல்லது காசில்லாமல் டெக் பாடத்திட்டம், பக்கத்தில் எப்போதும் தியங்லன், வாக்கியத்துக்கு அபர், பின்னணியில் வானொலி. டுவோலிங்கோ இருந்தால் இருக்கட்டும். சில மாதம் கழித்தும் ஆர்வம் நிற்கிறதென்றால் வகுப்பில் சேருங்கள். அப்போது உங்கள் காது தயாராக இருக்கும், ஆசிரியரின் நேரமும் வீணாகாது.

அயர்லாந்தில் வளரும் பிள்ளைக்குக் கணக்கு வேறு. தொடக்கப்பள்ளியில் கூலா4ம் தியங்லனும் போதும். செயலி தேவையே இல்லை என்பேன். மேல்நிலைக்கு வந்தபின் நிலைமை மாறும். பள்ளி இறுதித் தேர்வான லீவிங் செர்ட்டில் ஐரிஷ் மதிப்பெண்ணில் 40 சதவீதம் வாய்மொழித் தேர்வுக்கு. கவிதை வாசிக்க வேண்டும், படத்தொடரைப் பார்த்துக் கதை சொல்ல வேண்டும், தேர்வாளரோடு உரையாட வேண்டும். எழுத்துப் பயிற்சி தரும் செயலிகள் அங்கே உதவாது. படத்தொடர் கதையை அபரில் ஒட்டிக் கேட்டுப் பழகுவதும், பேச்சுப் பயிற்சிக்கு ஒரு ஆளை ஏற்பாடு செய்வதும்தான் பயன் தரும்.

12 வயதிலோ அதற்குப் பிறகோ வெளிநாட்டிலிருந்து வந்து பள்ளியில் சேரும் மாணவருக்கு ஐரிஷிலிருந்து விலக்குக் கேட்க விதிகள் இடம் தருகின்றன. முடிவெடுக்கும்போது பிள்ளையின் மற்றப் பாடச் சுமையையும், தொடக்கப்பள்ளி ஆசிரியர் வேலை போன்று ஐரிஷ் தேவைப்படும் வேலைகளையும் சேர்த்து யோசியுங்கள். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் சில வாரம் பிள்ளையை வகுப்பில் உட்காரவிட்டுப் பாருங்கள். தமிழ், ஆங்கிலம், ஒருவேளை இந்தியோ மலையாளமோ சிங்களமோ ஏற்கெனவே காதில் வைத்திருக்கிற பிள்ளைகள் இன்னொரு மொழியைப் பெற்றோர் நினைப்பதைவிட வேகமாகப் பிடிப்பார்கள். வகுப்பில் பெரும்பாலோருக்கு ஐரிஷ் இரண்டாம் மொழிதான் என்பதால், பின்தங்கி நிற்கிறோம் என்ற கூச்சமும் ஆங்கில வகுப்பில் வருகிற அளவுக்கு வராது.